மனோன்மணி ரீச்சர் மாற்றிச் சொன்ன வசனம்

மனோன்மணி ரீச்சர் இன்று காலை போய்விட்டார். இல்ஃபோர்டில், மகள் வீட்டில்.

டைம்லைன் முழுக்க அவருடைய படம்தான். நானும் எழுத வேண்டும் என்று மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டார்கள். சரி... எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் நோர்பரிப் பக்கம் நாங்கள் படித்த செகண்டரி ஸ்கூலில், இங்கிலீஷ் தெரியாமல் வந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவ வைத்திருந்த ஆசிரியை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால் மொழிபெயர்ப்பதும் அவர்தான்.

எனக்கு நன்றாகத்தான் படிப்பித்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார்த்திவைத்து எழுத வைப்பார். அரசாங்க உதவிப் பணத்துக்கான அம்மாவின் பெனிபிட் போர்ம் எல்லாம் நிரப்பித் தருவார். அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணா குமரனுக்கு எதுவும் படிப்பிக்கவில்லை. அவன் ஊரில் நடந்த சண்டையால் இரண்டு வருடம் பள்ளிக்கூடமே போகாமல் லண்டனுக்கு வந்தவன். வகுப்பில் கடைசி.

எல்லார் முன்னாலும் அவனை "மொக்கு" என்பார், மூளையில்லாதவன் என்று. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது... ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கொரிடோர் முழுக்க "மொக்கு, மொக்கு" என்று கூப்பிடுவார்கள்.

அந்த வருடங்களில்தான் ஒவ்வொரு ஸ்கூலின் பரீட்சை முடிவையும் வரிசைப்படுத்திப் பேப்பரில் போடத் தொடங்கினார்கள். எங்கள் ஸ்கூல் அடியில் கிடந்தது. பெயிலாகக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே ரெஜிஸ்டரில் இருந்து எடுத்துவிட்டால் கொஞ்சம் மேலே ஏறலாம்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பதின்மூன்று வயது, துணைக்குப் போனேன். அண்ணா வெளியே கதிரையில் இருந்தான்.

அண்ணாவின் வகுப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்கார மிஸ் நிதானமாகத்தான் பேசினார். மரவேலை பழக்கும் சென்டர் ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்பலாம் என்றார். ஆனால் முடிவு தாயுடையது, இங்கேயே இருந்து பரீட்சை எழுத அவனுக்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னார்.

ரீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பள்ளிக்கூடம் முடிவெடுத்திட்டுது. இனி அவன் இஞ்சை இருக்க ஏலாது. இதிலை கையெழுத்தை வையும்."

"ஒரு வருசம் எண்டாலும் பாக்க ஏலாதோ ரீச்சர்? ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ..."

ரீச்சர் மிஸ்ஸிடம் இங்கிலீஷில் சொன்னார், தாய்க்கு நல்ல சந்தோஷம், நன்றி சொல்கிறார் என்று.

மிஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா கையெழுத்து வைத்தார்.

எனக்கு இரண்டு பாஷையும் விளங்கியது. வாய் திறக்கவில்லை.

பயம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. மொக்கின் தங்கச்சி என்று இனி ஒருவரும் என்னைச் சொல்லமாட்டார்கள்... அந்த நிம்மதி.

வெளியே வந்ததும் ரீச்சர் என் தோளைப் பிடித்தார். "நீ கெட்டிக்காரி. தமிழ்ப் பிள்ளையள் மொக்கெண்டு இவங்கள் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்."

அடுத்த வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பரிசளிப்பு. ரீச்சர் மைக்கைப் பிடித்து, "எங்கடை பிள்ளையளிலை ஒருத்தரும் பெயில் இல்லை!" என்றார்.

ஹோல் முழுக்கக் கைதட்டல். அம்மாவும் தட்டினார். பக்கத்தில் அண்ணாவும் தட்டினான்.

அந்த சென்டருக்கு அவன் நாலு மாதம் போனான். பிறகு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கினான். இப்போதும் அதே வேலைதான், வேறு வேர்ஹவுஸ்.

யூனிவேர்சிட்டி முடித்த வருடம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

முழுக்கக் கேட்டான். "நீ அண்டைக்கு எங்கை இருந்தனி?"

"அம்மாக்குப் பக்கத்திலை."

சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். என் கலியாணத்துக்கு வரவில்லை.

இன்று ரீச்சரின் செய்தியை அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

அம்மாதான் அழுதுகொண்டே இருக்கிறார். "எங்களுக்கு எவ்வளவு செய்த மனுசி... கடைசியா ஒருக்கா முகத்தைப் பாக்கவேணும், கூட்டிக்கொண்டு போ."

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பேஸ்புக்கிலும் இல்லை. யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன், ரீச்சர். அம்மா உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவார். நான் தடுக்கமாட்டேன்.

போயிட்டு வாங்கோ.