நல்லி இல்லாத எலும்பு

எண்பதுகளின் கடைசியில், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆம்பூரிலிருந்து ஜுரத்தோடு வந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் நெஞ்சுப் படம் வெள்ளை வெளேரென்று வந்தபோது, டார்க் ரூமில் பிலிம் கழுவுகிறவரைத்தான் முதலில் திட்டினேன். இரண்டாவது படமும் அப்படியே வந்தது. பிறகுதான் உறைத்தது. நுரையீரல் சரியாகவே விழுந்திருந்தது, விலா எலும்புகள் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தன.

டாக்டரம்மா தொடையையும் எடுக்கச் சொன்னார். எலும்பின் நடுவே கறுப்பாகத் தெரிய வேண்டிய குழலே இல்லை. படத்தின் உறைமேல் பேனாவால் கிறுக்கிக் கிறுக்கி எனக்கு விளக்கினார். பழைய எலும்பைத் தின்று உள்ளே இடம் விடுகிற அணுக்களும் மஜ்ஜையில் பிறப்பவைதாம், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்குப் பங்காளிகள். இந்தக் குழந்தைக்கு அவை தின்னத் தெரியாமலே பிறந்திருக்கின்றன. எலும்பு உள்ளுக்குள்ளும் வளர்ந்து மஜ்ஜையை நெருக்கிவிட்டது. மஜ்ஜை இல்லாமல் வெள்ளை அணுக்கள் எங்கே பிறக்கும்? மாதம் தவறாமல் வருகிற ஜுரத்துக்கு எலும்பா காரணம்! எலும்பு என்றால் பந்தல்கால் மாதிரி சும்மா நிற்கிற சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால் பிழைக்கலாம் என்றார் டாக்டரம்மா.

“எலும்பு ரொம்பக் கெட்டியா இருக்கு, வைத்தியம் பண்ணணும்” என்று அவர் தாயிடம் சொன்னதில் முதல் பாதிதான் அந்தப் பெண்ணின் காதில் ஏறியது. டாக்டரம்மா வார்டுக்குப் போனதும் சந்தோஷமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கேட் வரை ஓடினேன்.

“கெட்டியா இருந்தா நல்லதுதானே சிஸ்டர்? இன்னாத்துக்குப் பேஜார் பண்றீங்க? ஜுரத்துக்கு மருந்து வாங்கிக்கினு பஸ்ஸைப் புடிக்கிறேன்.”

போனால் அடுத்த ஜுரத்தைக் குழந்தை தாங்காது. வாய்வரை வந்த திட்டை விழுங்கினேன்.

“வீட்ல நல்லி எலும்பு வாங்குவீங்கல்ல? தட்டினா உள்ளேர்ந்து கொழகொழன்னு விழும்ல? பாப்பாவுக்கு அது இல்லம்மா. முழுக்க எலும்புதான்.”

“நல்லியே இல்லியா?” குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்தார். என்னோடு திரும்பி நடந்தார்.

ஏழு வயது அக்காளின் மஜ்ஜை பொருந்தியது. ஊசியில் எடுத்துத் தங்கைக்கு ஏற்றினார்கள். சில மாதம் கழித்து மறுபடி தொடையைப் படம் எடுத்தேன். டார்க் ரூமில் நானே நின்று கழுவினேன். எலும்புக்குள்ளே நூலளவு கறுப்புக் கோடு! முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. யாருக்கு ஞாபகம் இருந்தது? தண்ணீர் சொட்டச் சொட்டப் பிலிமோடு வெளியே காத்திருந்த தாயிடம் ஓடி, “எடம் விட்டிருக்கும்மா! அக்கா மஜ்ஜை எலும்பைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு!” என்று கத்தினேன்.

“அப்போ இனிமே ஜுரமே வராதா சிஸ்டர்?”

“வரும்மா. எல்லாக் குழந்தைக்கும் வர்ற மாதிரி வரும். வந்துட்டுப் போயிடும்.”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார்.