ஆறாம் நிலையின் செருப்பு வார்

இந்தப் பங்கு மடலைக் கையில் எடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, சென்ற தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் நம் ஆலயத்தில் இருந்திருந்தால், ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு பேச வராமல் நின்ற ஒருவனைப் பார்த்திருப்பீர்கள். அவன் நான்தான். அன்று வராதவர்கள் இதை வாசித்து முடிக்கும்போது எனக்குச் சாட்சிகள் ஆகிவிடுவீர்கள். எனக்குச் சாட்சிகள் தேவைப்படுகிறார்கள். அன்று நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா என்று கவனிக்க யாராவது வேண்டும்.

என் பெயர் அருள்ராஜ். பள்ளி நாள் தொட்டு மேடையில் வளர்ந்தவன். சின்னாளப்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வரை பட்டிமன்றங்களில் பேசியிருக்கிறேன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் உட்கார வைத்தாலும் எனக்குத் தயக்கம் வந்ததில்லை. எங்களிடம் ஒரு சட்டகம் இருக்கும். எதற்கும் பொருந்தும் ஒரு தொடக்கம், எதற்கும் பொருந்தும் ஒரு முடிவு. நடுவில் தலைப்புக்கு ஏற்றதைச் செருகிக்கொள்வோம். கைத்தட்டல் விழும் இடம்கூட முன்பே தெரியும். இதைத் திறமை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் என் அக்காவின் வாழ்க்கையில் கைவைத்தேன்.

அக்கா ஜெசிந்தா செவிலியர். அப்பா இறந்த பிறகு வீடு அவள் சம்பளத்தில் நடந்தது. நான் கல்லூரிக்குப் போனதும் அதில்தான். சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவமனை அவளுக்கும் அவளுடன் வேலை பார்க்கும் செல்விக்கும் வேலை தர முன்வந்தது. ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும் என்பது நிபந்தனை. எழுத, படிக்க, கேட்க அவளுக்குப் பயமில்லை. பேச்சுத் தேர்வில் ஒரு பகுதிதான் மிரட்டியது. கணினித் திரையில் ஒரு படம் வரும். சிறிது நேரம் பார்க்கலாம். பிறகு அதில் உள்ளதை ஒலிவாங்கியில் விவரிக்க வேண்டும்.

"படத்தப் பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே வரமாட்டேங்குது அப்பு. நீதான் பேச்சுல புலியாச்சே, சொல்லிக் குடேன்" என்று கேட்டாள்.

கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. அக்காவுக்குச் சொல் சேர்த்துக் கொடுக்காமல் ஒரு சட்டகம் செய்து கொடுத்தேன். இந்தப் படம் மனித வாழ்வின் பன்முகப் பரப்பை உயிர்ப்புடன் சித்திரிக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு தொடக்கம். காண்போர் உள்ளத்தில் ஆழ்ந்த சிந்தனையை விதைக்கிறது என்று ஒரு முடிவு. திருமணப் படம் வந்தாலும், மலைப் படம் வந்தாலும் இதுவே போதும் என்றேன்.

"இதுல படம் எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா.

"அத நடுவுல ரெண்டு வரி சொல்லிக்கலாம்க்கா. மொதல்ல ஆளு அசரணும்" என்றேன்.

அவள் நம்பினாள். மருந்து கொடுக்கப் போகும்போதும் வரும்போதும் வார்டில் அதை முணுமுணுத்தாள்.

தேர்வில் ஒரு மழைநாளின் பேருந்து நிறுத்தத்தின் படம் வந்திருக்கிறது. ஒரு தாய் குனிந்து பிள்ளையின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா என் பன்முகப் பரப்பைச் சொல்லி முடிப்பதற்குள் நேரத்தில் பாதி போய்விட்டது. நடுவில் சொல்ல வேண்டிய இரண்டு வரிக்கு அவளிடம் சொல் இல்லை. குனிவதற்கும், கயிற்றுக்கும், தேங்கிய நீருக்கும் தேடித் தேடித் திணறினாள். செல்வி தேறினாள். அக்கா தேறவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. முடிவு வந்த அன்று, அம்மாவின் முன்னால், "மனப்பாடம் ஒழுங்கா பண்ணிருந்தா ஏன் இப்புடி ஆகுது?" என்று அக்காவைக் கேட்டேன். தோல்வியுற்ற அணியின் மீது பழியைத் திருப்புவது எனக்குப் பழகிய கலை.

அக்கா கோபப்படவில்லை. "அந்த அம்மா பிள்ளைக்கு லேஸ் கட்டிவிட்டுச்சுடா. அந்தப் பிள்ள அம்மா தலமேல கைய ஊனிக்கிட்டு நின்னுச்சு. எம்புட்டு அழகா இருந்துச்சு தெரியுமா? அதச் சொல்லத்தான் எனக்கு ஆசையா இருந்துச்சு. ஒன்னோடதச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மருத்துவமனை இன்னொரு வாய்ப்பு தந்தது. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்குள் தேறாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் செல்வி விமானம் ஏறினாள். இருவரும் அங்கே ஒரே அறையில் தங்குவதாக இருந்தது. வழியனுப்பிவிட்டு வந்த அக்கா அன்று சாப்பிடவில்லை. மீண்டும் தேர்வு எழுதப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் பக்கத்து அறையில் பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் நம் ஆலயத்துக்குப் போனேன். யாரும் இல்லை. முழந்தாளிட்டுச் செபிக்கத் தொடங்கினேன். அண்டசராசரங்களைப் படைத்தாளும் பரம்பொருளே என்று ஆரம்பித்தேன். என் குரல் ஆலயத்தின் மறுசுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அந்த நொடியில்தான் வெட்கம் வந்தது. கடவுளிடமும் சட்டகத்தையே நீட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் செருக வேண்டிய அக்காவை இன்னும் சொல்லவே இல்லை.

வாயை மூடினேன். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, அக்காவுக்குச் சொல் கொடும். என்னிடம் இல்லை."

பேச எதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? பார்த்தேன். எனக்கு நேர் எதிரே, சுவரில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை இருந்தது. நம் ஆலயத்தின் பதினான்கு நிலைகளும் வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதையை நடத்தியவன் நான். நடுப்பாதையில் மக்களைப் பார்த்து நின்றுதான் வாசிப்பேன். குரலை எங்கே ஏற்றினால் முன்வரிசை கண்ணீர் விடும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிற்பங்கள் எப்போதும் என் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தன. அன்றுதான் முதன்முதலாக ஒன்றைப் பார்த்தேன்.

இயேசுவின் முகத்தைத் துடைக்க வெரோனிக்கா துணியை நீட்டியபடி ஒரு முழங்காலை ஊன்றியிருக்கிறார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்திருக்க வேண்டும். ஒரு காலில் செருப்பின் வார் அறுந்து தொங்குகிறது. பின்னால் நிற்கும் படைவீரன் ஒருவன் அவரைத் தடுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தியிருக்கிறான். இத்தனை ஆண்டுகள் இந்த நிலையைப் பற்றி உருகி உருகி வாசித்தேன். அறுந்த வார் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். வாருக்கு என்ன சொல் என்றே எனக்குத் தெரியவில்லை. பன்முகத்துக்குச் சொல் தெரிந்தவனுக்குச் செருப்பு வாருக்குத் தெரியவில்லை!

சகோதரர்களே, என் மன்றாட்டுக்கு வந்த பதில் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கேட்ட இடத்திலேயே வந்தது. எவ்வளவோ காலமாக அந்தச் சுவரிலேயே இருந்தது.

அக்காவின் மருத்துவமனைக்கு ஓடினேன். வாசலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சிலுவைப்பாதை நிலைகளைப் பார்த்து ஆங்கிலத்தில் விவரித்துப் பழகலாம் என்றேன். முறைத்தாள்.

"சாமி படத்த வச்சு இங்கிலீஷ் படிக்கவா? ஏலே, நரகத்துக்குப் போறதுன்னா தனியாப் போ. என்னய ஏன் இழுக்குற?"

அவளைச் சமாதானப்படுத்த இருவரும் பங்குத்தந்தையிடம் போனோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வாசிக்கத் தெரியாத சனங்களும் பாத்துப் புரிஞ்சுக்கட்டும்னுதானம்மா சொவத்துல வச்சிருக்கு. பாருங்க. செபம் சொல்லிட்டு ஆரம்பிங்க. அருளு, நீ பேசாம செத்த நேரம் நிக்கப்போறேன்னு சொல்றதே எனக்குப் புதுமையா இருக்கு" என்றார்.

அக்கா மீண்டும் தேர்வு எழுதச் சம்மதித்தாள். அவள் பணி முடியும் மதிய வேளைகளில் நாளுக்கு ஒரு நிலையின் முன் நின்றோம். முதலில் பார்ப்பது மட்டும். பிறகு, யார் இருக்கிறார், என்ன செய்கிறார், எங்கே நிற்கிறார். முன்னால் யார், பின்னால் யார், ஓரத்தில் என்ன. சுமப்பது, சாய்வது, தடுமாறுவது, பிடித்துத் தூக்குவது, துடைப்பது, எட்டிப் பார்ப்பது. தெரியாத சொல்லைக் கைப்பேசியில் தேடி, சிற்பத்தில் அந்த இடத்தைக் காட்டியபடி அக்கா உரக்கச் சொல்வாள். அடுத்த நாள் பழைய நிலைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பழக்கம் எளிதில் போகவில்லை. சீமோன் இயேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவும் ஐந்தாம் நிலையில், "இத மனிதநேயத்தின் மகத்தான வெளிப்பாடுன்னு முடிச்சா நல்லாருக்கும்க்கா" என்றேன்.

"வாய மூடுறா. அந்த சீமோன் கையப் பாரு. மரத்தோட நுனியத்தான் தொட்டுருக்காரு. மனசில்லாமத் தூக்குறாரு. அத நான் சொல்லணும்" என்றாள். மனமில்லாமல் என்பதற்கு அன்று ஒரு சொல் கற்றோம்.

பன்னிரண்டாம் நிலையில் அக்கா சிலுவையடியில் நிற்கும் அன்னையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில இப்புடி நின்ன அம்மாக்களப் பாத்திருக்கேன்டா" என்றாள். அன்று நாங்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. முழந்தாளிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

ஆலயத்தில் தொடங்கியது வெளியிலும் தொடர்ந்தது. பேருந்து நிலையத்தில் நத்தத்துப் புளிமூட்டைகளை இறக்குபவர்களை விவரித்தாள். பூச்சந்தையில் குவியலுக்கும் கூடைக்கும் சொல் தேடினாள். வீட்டில் அம்மா வெங்காயம் வதக்குவதைக் கதவோரம் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்னய என்னடி வையிற?" என்றார் அம்மா.

"வையலம்மா. நீ கரண்டியப் புடிச்சிருக்க, சேலையில மஞ்சள் பட்டுருக்குன்னு சொன்னேன்."

"அதத் தமிழ்லயே சொல்லிருந்தா இந்நேரம் சேலைய மாத்திருப்பேன்ல!"

எங்கள் வீட்டில் பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் மூவரும் சிரித்தோம்.

தவக்காலம் முடிவதற்குச் சற்று முன்பு மதுரையில் தேர்வு. நான் எதிரே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். கையில் செபமாலை. அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு மணியாக உருட்டினேன். ஒருவேளை இதுவும் தவறிவிட்டால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம் விடவே இல்லை. அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கணிக்க முடியவில்லை.

"என்ன படம்க்கா?"

"ரோட்டுல ஒருத்தரு சைக்கிளோட விழுந்து கெடக்காரு. கூடையிலருந்து தக்காளி உருண்டு ஓடுது. ஒருத்தரு அவர அக்குளோட புடிச்சுத் தூக்குறாரு. ஒரு பொம்பள முழங்கால் போட்டு, துணியால அவரு நெத்தியத் தொடைக்குது." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு அது புதுப் படமாவே தெரியலடா. தூக்குறவருக்கு மட்டும் நல்ல மனசு. சீமோன் மாதிரி இல்ல. அதையும் சொல்லிட்டேன்."

நடுத்தெருவில் நின்று அழுதேன். "ஏலே, சனம் பாக்குது. இதயும் மேடையாக்காத" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சில நாட்களில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வில் தேவைக்கு மேலேயே மதிப்பெண். மருத்துவமனை அவள் இடத்தை உறுதிசெய்தது. இறைவனுக்கு நன்றி என்று எழுதுகிறேன். அதை எப்படி அழகுபடுத்துவது என்று யோசிக்கவில்லை.

ஆனாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன். என் குற்றவுணர்வு முழுதாகத் தீரவில்லை. செல்வியின் அறையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறார். அக்கா தெரியாத ஊருக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. அவள் என்னை மன்னித்துவிட்டாள். கடவுளும் மன்னித்தார் என்று நம்புகிறேன். என் சட்டகத்தால் அவள் இழந்ததை மட்டும் நான் திருப்பித் தர முடியாது. அந்த நினைவு என் நாவுக்கு ஒரு கடிவாளமாக இருக்கட்டும் என்றே இப்போது செபிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தேர்வையோ நோயையோ எண்ணிக் கலங்குபவர்கள் இருக்கலாம். அழகாகச் செபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். இல்லாததை இல்லை என்று ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு அமைதியாக, கண்ணைத் திறந்து இருங்கள். அவர் தருவார். உங்கள் முன்னாலேயே வைத்திருக்கவும் கூடும்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சிலுவைப்பாதை நடத்த என்னிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் அக்காவும் அம்மாவும் இருந்தார்கள். முதல் நிலையை நோக்கித் திரும்பினேன். மக்களுக்கு முதுகு காட்டி நிற்பது எனக்கு அதுவே முதல்முறை. குரல் எழவில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். கடைசியில் உங்கள் அனைவரின் முன்னிலையில், அந்தச் சுவரைப் பார்த்து, உரக்க இதைச் சொன்னேன்:

"ஆண்டவரே, இனி வாசிக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். ஒவ்வொரு தவக்காலமும் மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போகிறேன். ஒவ்வொரு நிலையிலும் உம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாய் திறக்க மாட்டேன்."