கோலாலம்பூருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் நானும் என் மனைவியும் மூன்று நாள் கோலாலம்பூர் சுற்றிப் பார்க்கப் போனோம். கல்யாணமாகி ஒன்பது மாதம். மலாக்காவில் பண்டார் ஹிலிர் பக்கம் நான் கணக்கெழுதிய கடையில் அப்போதுதான் முதன்முதலாக லீவு கொடுத்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி நிறையப் பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். பஸ் நின்றது, சேலை கிழிந்தது, ரயிலைக் கோட்டை விட்டது என்று சிரிக்க அதில் நிறைய உண்டு. ரயில் ஏறிய பிறகு நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி அதே ஊரில் காஜா பெராங் தெருப் பெண். மலாக்கா செட்டி வம்சம். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, தாலியும் நம் தாலி. பேச்சு மட்டும் மலாய், உடுப்பு சாரோங் கெபாயா, மலாய்க் கைலியும் மேல்சட்டையும். தமிழ் கேட்டால் அவளுக்குப் புரியும், பேச வராது. நான் ரப்பர் எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்தவன். வேலைக்காக அவர்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியபோது அவளைப் பார்த்தேன், பிடித்துப்போனது, கட்டிக்கொண்டேன். பிடித்தது பொய்யில்லை. ஆனாலும் தமிழர்கள் நடுவே அவளோடு நிற்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும். ‘மலாய்க்காரியைக் கட்டிக்கிட்டான்’ என்று யாரோ முதுகுக்குப் பின்னால் பேசுவதுபோலவே இருக்கும். உண்மையில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதனால்தான் பயணத்துக்குச் சேலை கட்டிக்கொள் என்று பிடிவாதம் பிடித்தேன். கட்டிப் பழக்கமில்லை என்றாள். நான் விடவில்லை. விடியற்காலையில் அவள் நிற்க, நான் குனிந்து கொசுவம் மடித்துக் கொடுத்தேன். எனக்கும் அந்த வேலை தெரியாது. கட்டி முடித்தபோது மூட்டையாகத்தான் இருந்தாள். அப்படியே பஸ்ஸில் ஏற்றினேன்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது. தம்பின் என்கிற ஊருக்குப் பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். அலோர் காஜா தாண்டியதும் பஸ் கொதித்துப் புகைவிட்டு நின்றது. டிரைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். எல்லாரும் இறங்கினோம். இவள் சேலையைத் தானே மிதித்துப் படியிலிருந்து சேற்றில் விழுந்தாள். சேலை முழங்கால் வரை கிழிந்தது. நான் கை கொடுத்துத் தூக்குவதற்கு முன் சுற்றும் முற்றும் பார்த்தேன். “பாத்து எறங்கக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தேன். அவள் சேற்றைப் பார்த்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தம்பின் சேர்ந்தபோது எங்கள் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது மத்தியானத்துக்கு மேல். பெண்கள் தங்கும் அறைக்குப் போனவள் கெபாயாவில் வந்தாள். நடையே மாறியிருந்தது. கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. சங்கிலியில் கோத்த மூன்று கெரொங்சாங் ஊசிகளால் முன்பக்கத்தைச் சேர்த்துக் குத்துவார்கள். வெக்கைக்காக மேல் ஊசியை அவள் எப்போதும் தளர்த்தித் தாழ்வாகவே குத்துவாள். கழுத்தில் தாலிச் சங்கிலி தெரியும். தாலி உள்ளே கிடக்கும். அழகாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சிரம்பானில் ஒரு வயதான தம்பதி ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தார்கள். பார்த்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் எஸ்டேட்டின் பெரிய கிராணியார், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. என் அப்பா இருபது வருஷம் அவர் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்.

“நீ நம்ம மூணாவது லயத்துப் பையன்தானே?” என்றார். “என்னா வேல பாக்குற?”

“மலாக்கா டவுன்ல கிராணி வேலதாங்கய்யா.”

“பரவால்லியே!” என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மனைவி டிபன் கேரியரைத் திறந்து, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் இருந்த தட்டை அந்த அம்மாவிடம் நீட்டினாள். “மாரி மக்கான்,” என்றாள், சாப்பிட வாருங்கள் என்று. அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்னா எறச்சி போட்டிருக்கோ, நமக்கு வேணாம்,” என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “யாரு தம்பி இந்த மலாய்க்காரம்மா? ஒங்கூட வந்தவங்களா?”

என் மனைவிக்கு அது புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சங்கிலியில் விரலைக் கொடுத்து மேலே இழுத்தாள். தாலியை எடுத்துக் காட்டப் போகிறாள். அவளுக்குத் தெரிந்த பதில் அது. தாலி வெளியே வருவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“பக்கத்து வீட்டுக்காரவங்கம்மா. கோலாலம்பூர்ல சொந்தக்காரங்க வீட்ல கொண்டுபோய் விடச் சொன்னாங்க.”

அவள் விரல் நின்றது. சங்கிலியை மெதுவாக உள்ளே விட்டாள். மேல் ஊசியைக் கழற்றி, கழுத்தோடு ஒட்ட உயரத்தில் குத்திக்கொண்டாள். டிபன் கேரியரை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. கிராணியார் எனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? தனக்குத் தெரிந்த இடத்தில் நல்ல பெண் இருப்பதாகச் சொன்னார். “பாக்கலாங்கய்யா,” என்றேன். என் மனைவியின் முழங்கை என் முழங்கையில் பட்டபடி இருந்தது. அவள் அதை விலக்கிக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது. ஆனால் பேசிய பேச்சை மாற்ற மட்டும் வாய் வரவில்லை.

கோலாலம்பூரில் இறங்கும்போது அந்த அம்மா, “பத்தரமா கொண்டுபோய் விடு தம்பி. பாவம், வாயே தொறக்கல,” என்றார்.

மூன்று நாளும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். விளக்குகளை வாய் திறந்து பார்த்தாள். ஐஸ் கச்சாங் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். மூன்று நாளும் வெக்கையில் வியர்த்து வழிந்தாள், அந்த மேல் ஊசியை மட்டும் இறக்கிக் குத்தவில்லை.

கடைசி நாள் ஒரு சீனர் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ளப் போனோம். நீங்கள் இருவரும் என்ன உறவு, எப்படி நிற்க வைப்பது என்று அவர் மலாயில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“புருஷன் பொண்டாட்டி,” என்றேன் மலாயில், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“இங்கே நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை,” என்று அவள் மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. திரும்பி வந்த பிறகு ஒரு நாள் எஸ்டேட்டுக்கு அவளை அழைத்துப் போய்க் கிராணியார் முன் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்தேன். அவர் செத்துப்போன செய்திதான் வந்தது.

படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள், அம்மா, நீ எப்போதும் ஊசியைத் தாழ்வாகத்தானே குத்துவாய், இதில் மட்டும் ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி குத்தியிருக்கிறாய் என்று. நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன்.

“ரயிலில் காற்று அதிகம்,” என்பாள் அவள்.

“ஆமா, நல்ல காத்து,” என்று நானும் சொல்வேன்.