செல்வின் இடத்தில் மூன்று மணல் மூட்டை

நவம்பர் 16, ஞாயிறு, காலை 6.20. மும்பை, மாஹுல் ஜெட்டி, அதாவது படகுத்துறை. படகில் ஆள் ஒன்று, மணல் மூட்டை மூன்று.

இதற்கு முன் நான் எழுதிய கடல் பயணங்களில் எல்லாம் 'நாங்கள்' என்று இருக்கும். நாங்கள் என்றால் நானும் செல்வினும். நான் செம்பூர், அவன் தாராவி. ஐரோலியில் ஒரே கம்பெனியில் மெஷின் டிசைன். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது இந்தப் பதினாறு அடி ஃபைபர் படகு. செப்டம்பரில் அவன் மஸ்கட் போய்விட்டான். போன வாரம் அங்கிருந்தே படகை வாங்க ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை பார்க்க வருகிறார். "தனியா போயி முங்கிச் சாவாதல. பேசாம தள்ளி விட்டுரு" என்றான் போனில்.

தனியாக ஓட்ட முடியுமா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். முடிந்தால் படகு என்னோடு. முடியாவிட்டால் செவ்வாய் விற்றுவிடலாம்.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஜெட்டிக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 103 ரூபாய். ஐந்து மணிக்கு முன் ஏறாதீர்கள், இரவுக் கட்டணம் போடுவார்கள். ஆறு லிட்டர் பெட்ரோல் 621. நீர் ஏற்றம் என்றைக்கு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வற்றினபின் திரும்பினால் முழங்கால் சேற்றில் படகைத் தள்ள வேண்டும்.

மூட்டை விஷயம் இதுதான். எஞ்சின் பின்னால், ஓட்டுகிற நானும் பின்னால். முன்னால் எடை இல்லையென்றால் மூக்கு தூக்கிக்கொள்ளும், எதிரே ஒன்றும் தெரியாது. இவ்வளவு நாள் அந்த எடை செல்வின். 74 கிலோ. இப்போது 25 கிலோ மூட்டை மூன்று. ஒரு கிலோ அதிகம்தான். மஸ்கட் சாப்பாட்டில் அவனும் ஏறியிருப்பான்.

ஜெட்டியில் மீன் வாங்குகிற மந்தா தாயி (மராத்தியில் தாயி என்றால் அக்கா) மூட்டைகளைப் பார்த்துவிட்டார். "அரே, பார்ட்னர் கிதர்?"

"மஸ்கட் போயிட்டான் தாயி. இதுதான் இப்ப பார்ட்னர்."

"நல்லதுதான். இது வாய் பேசாது, வடாபாவும் கேட்காது" என்றார் ஹிந்தியில். "பாகட் கிடைச்சா வேற யாருக்கும் கொடுக்காதே, சொல்லிட்டேன்."

பாகட் என்றால் திருக்கை. வலையில் வருகிற திருக்கைகளை இனம் பிரித்து இங்கே படம் போடுவதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. சாட்டை மாதிரி வால், வாலில் முள், மேலே துடுப்பு இல்லை என்றால் முள் திருக்கை, தாயிக்குக் கொடுக்கலாம். முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா, நிமிர்ந்த துடுப்பு இரண்டு என்றால் திரும்ப விட்டுவிட வேண்டும். அதில் பல வகைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. செல்வின் பிடித்துக்கொள்வான், நான் படம் எடுப்பேன்.

நாலு கிலோமீட்டர் போனேன். மூக்கு சரியாகப் படிந்து ஓடியது. கணக்கு சரி. சொல்ல ஆள் இல்லாததால் எனக்கே சொல்லிக்கொண்டேன். காரபுரித் தீவு (எலிஃபண்டா) பக்கம் விடிந்துகொண்டிருந்தது. அழகுதான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வலை போட்டுக் காத்திருந்து இழுத்தபோது முதலில் வந்தது சின்ன முள் திருக்கை. பெட்டியில் போட்டேன். அடுத்தது வரவே மாட்டேன் என்றது. இடப்பக்கம் குனிந்து இழுத்தேன். கூரான மூக்கு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, பின்னால் இரண்டு துடுப்பு. என் நீளம் இருக்கும். விட வேண்டிய ஜாதி. வலையைப் பிரிக்கலாம் என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன். படகு சாய்ந்தது. சாய்ந்ததும் முன்னால் இருந்த மூட்டைகள் மூன்றும் சறுக்கி என் பக்கமே வந்தன.

"செல்வின், அந்தப் பக்கம் போடா!" என்று கத்தினேன்.

யோசித்துக் கத்தவில்லை. நான் எந்தப் பக்கம் குனிந்தாலும் அவன் எதிர்ப்பக்கம் போய் உட்காருவான். அவனை நான் எடையாகக் கணக்குப் போட்டேன், நகர்கிற எடையாகப் போடவில்லை. விளிம்பு தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. கத்தியை எடுத்து வலையை அறுத்தேன். பாதி வலையோடு மீன் நழுவியது, படகு கொஞ்சம் நிமிர்ந்தது. வலையிலிருந்து கழன்று நீந்திப் போனதா, தெரியாது. படம் இல்லை. பார்த்தது நான் ஒருவன்தான்.

தவழ்ந்து போய் மூட்டைகளை நடுவில் தள்ளி, பக்கெட்டால் தண்ணீரை இறைத்துவிட்டு, பத்தரைக்கு ஜெட்டி வந்தேன்.

"பார்ட்னர் குளிச்சிட்டாரா?" என்றார் தாயி, ஈர மூட்டைகளைப் பார்த்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார். திருக்கையை வாங்கிக்கொண்டார்.

இனி செய்யப்போவது:

1. மூட்டைகளைக் குறுக்குக் கட்டையோடு கயிறு போட்டுக் கட்டுவேன். சின்னப் படகில் போகிற எல்லோரும் கட்டுங்கள். எடை சரியாக இருந்தால் போதாது, நகரவும் கூடாது.

2. செல்வினுக்கு போன் செய்து நடந்ததைச் சொல்வேன். திட்டுவான், வாங்கிக்கொள்வேன்.

3. செவ்வாய்க்கிழமை படகு பார்க்க வருகிறவரிடம் இரண்டு ஞாயிறு கழித்து வரச் சொல்வேன். தனியாக ஓட்ட முடியாது, அது தெரிந்துவிட்டது.

4. அந்த இரண்டு ஞாயிறுக்குள் படகில் கூட வர ஒரு ஆளைத் தேடுவேன். செம்பூர், சயான், ஆண்டாப் ஹில் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்கள் கீழே எழுதுங்கள். நீந்தத் தெரிய வேண்டும். திருக்கை தெரிய வேண்டியதில்லை. எடை எவ்வளவு இருந்தாலும் சரி, மணலைக் குறைத்துக்கொள்கிறேன்.