அத்தைக்குச் சர்க்கரை வந்த கதை

சர்க்கரை வியாதி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டவர்கள் யாராவது உண்டா? எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் அத்தை.

அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ஓடத்துறைப் பக்கம் சந்துக்குள் எங்கள் வீடு. ஊர் வாய்க்குப் பயந்து அப்பா அவளை வாசற்படி தாண்ட விடமாட்டார். ரேஷன் கடைக்குக்கூட அம்மாதான் போவாள். "நடங்க, நடங்க, சர்க்கரையை விரட்டுங்க" என்று மைக் கட்டிய ஆட்டோ அடிக்கடி கத்திக்கொண்டு போகும். அதைக் கேட்டு எங்கள் சந்தில் ஒருவரும் செருப்பை மாட்டியதில்லை.

ஒருநாள் சுகாதார நர்ஸ் வீடு வீடாக வந்து விரலில் குத்திப் பார்த்தார். அத்தைக்குச் சர்க்கரை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நர்ஸ் அப்பாவிடம், "மாத்திரை மட்டும் பத்தாது சார். தினம் சாயங்காலம் நடக்க விடுங்க. இல்லாட்டி காலுக்கு ஆபத்து" என்றார். அத்தையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். யார் சொல்லையும் கேட்காத அப்பா வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு. துணைக்கு என்னை அனுப்பினார்.

காவிரிப் பாலத்தில் பாதி தூரம்தான் நடை. பிறகு அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். காற்று முந்தானையை அள்ளும். ஸ்ரீரங்கம் கோபுரத்தில் விளக்கு எரியும்வரை நகரமாட்டாள். "போதும், வா அத்தை" என்றால், "இன்னும் கொஞ்ச நேரம்டி" என்று சிரிப்பாள். வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு அது. இப்போதும் பஸ் அந்தப் பாலத்தில் ஏறினால் அதை ஒரு தரம் கேட்கமாட்டோமா என்று மனசு ஏங்குகிறது.

சில மாதம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தார். "சூப்பருங்க, சுகர் நார்மல்! நடக்கிறத மட்டும் விட்டுடாதீங்க" என்றார். முதல் பாதிதான் அப்பா காதில் ஏறியது.

"அதான் சரியாப் போச்சுல்ல? இனிமே எதுக்கு ஊர் சுத்தணும்?"

மறுநாள் பார்த்தால், யாரோ கல்யாண வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட ஜாங்கிரிப் பொட்டலத்தோடு அத்தை அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பவள்போல ஒவ்வொன்றாக விழுங்கினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரவில்லை.

"நர்சம்மா திரும்பக் குத்திப் பாக்க எப்ப வருவாங்கடி?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கோபம். கோபத்தைவிடக் குழப்பம். பொட்டலம் முழுவதையும் தானே தின்கிறவள் எதற்காக அழ வேண்டும்?