நின்றபடியே ஊருக்குப் போய் வந்த லாரி

கேட் சாத்தியிருக்கிறது. என் லாரி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சிவப்புக் கொடியைச் சுருட்டிப் பிடித்து, அதன் கம்பால் என் பானெட்டில் டொக் டொக்கென்று தட்டுகிறார். "ஓய் டிரைவரே, வண்டிய அமத்தும்! ரயிலு வருதா இல்லையான்னு என் காதுல விழ வேண்டாமா?" ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த ரயில்வே கேட்டின் காவலரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த டொக் டொக்தான். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முப்பது வயது, அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டு பேருக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஆகையால் கேட் சாத்தியிருந்தால் சண்டை நிச்சயம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு ஆலைக்கு லாரி ஓட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர், மகாராஜபுரம் என்று சுற்றிப் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு வருவது வேலை. அந்தக் காலத்து லாரியை இன்றைய பிள்ளைகள் கண்டால் சிரிப்பார்கள். பேட்டரி செத்துப்போய் வெகுநாளாயிற்று. புதுசு வாங்க யுத்த காலத்தில் எங்கே போவது? இறங்கி முன்னால் போய், கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் கிளம்பினால் நாம் ராஜா. நாலு சுற்றிலும் கிளம்பாவிட்டால் காபிக் கடை வாசலில் இருக்கிற அத்தனை பேரும், "என்ன டிரைவரே, காலைல கஞ்சி குடிக்கலையா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே எங்கள் லைனில் எந்த டிரைவரும் இன்ஜினை அணைக்க மாட்டான். காபி குடிக்கிறோமா, உறுமட்டும். மூட்டை ஏற்றுகிறார்களா, உறுமட்டும். காலையில் ஒரு தடவை சுற்றிக் கிளப்பினால் சாயந்தரம் ஷெட்டில்தான் அணைப்பது. அதில் ஒரு மிதப்பு வேறு. லாரி உறுமிக்கொண்டு நின்றால்தான் டிரைவருக்கு மரியாதை என்று நாங்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தோம்.

கேட்டுக்காரரிடம் அந்தச் சட்டம் செல்லவில்லை. பட்டாளத்து ரயில்கள் நினைத்த நேரத்துக்கு வரும், வராமலும் இருக்கும். மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் இன்ஜினை அலறவிட்டுக்கொண்டு பீடி பற்றவைப்பேன். "நின்னுகிட்டே எம்புட்டு எண்ணெயக் குடிக்குது பாரும், உம்ம லாரி," என்பார். "என் இன்ஜின், என் பெட்ரோல், உமக்கு எங்க வலிக்குது?" என்பேன் நான். ஒரு நாள் கோபத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் புகையை அவர் மேலேயே விட்டேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கோ பெரிய வீரம் காட்டியதாக நினைத்துக்கொண்டு போனேன்.

அப்புறம்தான் எனக்கு வந்தது வினை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். என் லாரி மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே வறண்டு நின்றது. அடுத்த மாதமும் அப்படியே. ஊரில் அப்போது பெட்ரோலைக் களவாக விற்றுக் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தெலுங்கு பேசுகிற மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்கும் மெதுவாகத்தான் கேட்டார். "ஏமய்யா, போன தூரத்துக்கும் தீந்த பெட்ரோலுக்கும் பொருத்தமே இல்லையே. ஆவியாவா போச்சு? இந்த மாசமும் இப்படின்னா சாவியக் குடுத்துட்டு வேற எடம் பாத்துக்க."

திருடன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆலை முழுக்கச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் வழக்கமாக நெருக்கிக்கொண்டு உட்காருகிற ஆள் அன்றைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பாதிரியார் ஜெபம் பண்ணும்போது எனக்குக் கண்ணை மூட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும். நான் ஒருத்தி தெரிஞ்சி என்னத்துக்கு ஆகும்?" என்று அழுதாள். என் இரண்டு பெண் குழந்தைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. பெட்ரோல் எங்கே போகிறதென்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. இப்படியும் ஒரு மண்டு இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேனே!

மறுநாள் கேட் சாத்தியிருந்தது. பானெட்டில் டொக் டொக். நான் பதிலே பேசாமல் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தேன். சண்டைக்கு ஆள் வராதது அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து, "என்ன ஓய், வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பிடியை எடுத்து மண்டையில் போடலாமா என்று இருந்தது. "நீரு திருடன் இல்ல ஓய். முட்டாளு. அம்புட்டுதான். நாளைக்கு எனக்கு ஓய்வு நாளு. உம்ம ஆலைக்கு வாரேன்," என்றார்.

சொன்னபடி வந்தார், துவைத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக. மேனேஜர் முன்னால் நின்று, "ஐயா, இவரு பெட்ரோல விக்கல. என் கேட்டுலயும் காபிக் கடையிலயும் நின்னுகிட்டே எரிச்சிருக்காரு. நம்பலைன்னா இப்பவே பாத்திருவோம். டாங்கிய வடிச்சிட்டு ரெண்டு பாட்டில் மட்டும் ஊத்துங்க. வண்டி ஓரடி நகர வேண்டாம்," என்றார். கூப்பன் பெட்ரோல் இரண்டு பாட்டில் என்றால் அன்றைக்குச் சும்மா இல்லை. மேனேஜர் யோசித்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

முற்றத்து நடுவில் லாரியை நிறுத்தினோம். நான் கைப்பிடியைச் சுற்றினேன். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கு ஒரே சுற்றில் கிளம்பியது, சனியன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் பருத்தி பொறுக்குகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலையே வேடிக்கை பார்த்தது. லாரி கம்பீரமாக உறுமியது. நான் உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன், இன்ஜின் சீக்கிரம் நிற்க வேண்டும் என்று. ஒரு டிரைவர் இப்படி ஒரு ஜெபம் பண்ணியிருப்பானா! பெண்கள் கஞ்சியைக் குடித்து, சட்டியைக் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு பேச்சில் இறங்கினார்கள். லாரி நிற்கிற வழியாய் இல்லை. கேட்டுக்காரரோ தன் கேட்டில் ரயிலுக்கு நிற்பதுபோல அசையாமல் நின்றார். திடீரென்று ஒரு இருமல். இன்னொரு இருமல். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு லாரி அடங்கியது. வேலைக்குத் திரும்புகிற மணி இன்னும் அடிக்கவில்லை.

மரத்தடியிலிருந்து ஒரு பெண், "ஏட்டி, நின்னுகிட்டே ஊருக்குப் போயிட்டு வந்திருச்சேட்டி இந்த லாரி!" என்றாள். அவ்வளவுதான், ஆலை அதிர்ந்தது சிரிப்பில். மேனேஜர் காலி பாட்டில்களைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தார், முடியவில்லை. "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவைப்பா?" என்று கேட்டார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை. அவர் என் தோளில் கைவைத்து எல்லார் காதிலும் விழும்படி, "தப்பா நினைச்சிட்டேன், மனசுல வச்சுக்காத," என்றார். அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கு முன்னால் நான் அழுதேன். வெட்கப்படவே இல்லை.

அன்று முதல் நின்றால் அணைத்தேன். காபிக் கடை வாசலில் கேலி செய்தார்கள், செய்யட்டும் என்று சுற்றினேன். தினமும் சுற்றிச் சுற்றிக் கை பழகி, கேலிக்கே இடமில்லாமல் போயிற்று. கேட்டில் ரயில் போனதும் சில நாள் அவரே பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கைப்பிடியைச் சுற்றிக் கொடுப்பார். மாதம் முடிந்தது. டாங்கியில் பெட்ரோல் மீதி இருந்தது! மேனேஜர் குச்சியை விட்டு அளந்து, நம்பாமல் இன்னொரு தடவையும் விட்டார். பிறகு, "அந்தக் கேட்டுக்காரருக்கு ஏதாவது செய்யணுமேப்பா, அவருக்கு என்ன வேணும்னு கேளு," என்றார்.

கேட்டேன். மனிதர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "எத்தனையோ வண்டிக்குக் கேட்டத் தெறந்து விட்டிருக்கேன். ஒண்ணுலயும் ஏறி உக்காந்ததில்ல ஓய்."

அடுத்த ஓய்வு நாளில் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். எதிரில் வந்த மாட்டு வண்டிக்காரர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவருடைய கேட்டுக்கு வந்தால், சாத்தியிருந்தது. மாற்றுக்கு வந்திருந்த ஆள் கொடியும் கையுமாக நின்றார். நான் பழக்கதோஷத்தில் இன்ஜினை அணைக்கக் கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அமத்திராதயும் ஓய். செத்த நேரம் உறுமட்டும். உள்ள உக்காந்து கேக்க நல்லாத்தான் இருக்கு."

மாற்று ஆள் ஓடி வந்து பானெட்டில் தட்டினார். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போலே, ரயிலு வர இன்னும் நேரம் கெடக்கு, ஓன் சோலியப் பாரு!" என்று ஒரு அதட்டு அதட்டினார். நான் கையை எடுத்துவிட்டேன். ரயில் வந்து, கடைசிப் பெட்டியும் தாண்டிப் போகும்வரை என் லாரி உறுமியது. அவர் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, சிரித்தபடி இருந்தார். எத்தனையோ பெட்ரோலை வீணாக எரித்திருக்கிறேன். அன்றைக்கு எரிந்ததை மட்டும் வீண் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.