மாடியில் அறை இல்லை

இது நடந்தது. சந்தேகப்படுபவர்கள் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து, குணசுந்தரி வீட்டு மாடியில் தனியாக டேப் பிடித்துப் பார்க்கலாம். பகலிலேயே வாருங்கள். அதுவும் பகலில்தான் வந்தது.

வீட்டை விற்றுவிட்டுச் சிதம்பரத்தில் மகளோடு போய் இருந்துவிட வேண்டும் என்று குணசுந்தரிக்கு ஆசை. வாங்குபவருக்கு லோன் தரும் பேங்க் குறுக்கே நின்றது. அப்ரூவல் பிளானில் கீழ்வீடு மட்டும்தான் இருந்தது. மாடி அறையை, காலமாகிவிட்ட அவள் கணவர் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அனுமதி இல்லாமலே எழுப்பியிருந்தார்.

சரிக்கட்ட வந்தார் இன்ஜினியர் நடனசபாபதி. விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கமும் அவர் பட்டங்களுக்குப் போதவில்லை. 'சகல அப்ரூவலும் வாங்கித் தரப்படும்' என்று போர்டு தொங்கும் அவர் ஆபீஸ் மாடிக்கே அப்ரூவல் கிடையாது.

"ஒரே வரிதாம்மா. 'மாடியில் அறை இல்லை.' நான் எழுதினா அதான் சட்டம்."

"ரூமுக்குள்ள நின்னுக்கிட்டேவா சார்?"

"பேப்பர்ல இல்லன்னா, இல்ல."

மணி 11.40. அவர் அந்த வரியை எழுதினார். பிறகு, வெறும் மொட்டை மாடி என்று காட்ட அளவு வேண்டுமே என்று, திரும்பிப் பார்க்காமலே டேப்பை நீட்டினார்.

"முனையப் புடிங்கம்மா."

"புடிச்சாச்சி."

கரகரத்த ஆண் குரல். தன் குரலைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாத மனிதர் நடனசபாபதி; கவனிக்கவில்லை. டேப் விறைத்தது.

"பதினொண்ணடி ஆறு," என்றது குரல்.

எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். குணசுந்தரி வாசற்படியில் நின்றாள். இரண்டு கையிலும் அவருடைய பை.

டேப்பின் முனை எதிர்ச்சுவரோரம்... அந்தரத்தில்.

விர்ர்ர்... டேப் இழுபட்டது.

11.42க்குப் பட்டங்கள் அத்தனையும் தெருவில் ஓடின.

குணசுந்தரி பையைக் கீழே வைத்தாள். நகரவில்லை.

"யாரா இருந்தாலும் இரு. இல்லன்னு நான் எழுத மாட்டேன்."

டக். டேப் தரையில் விழுந்தது.

சாயங்காலம் 5.10. சேதி கேட்டு மாரியம்மாள் வந்தாள். இந்த மாடியைக் கட்டிய கொத்தனார் கொளஞ்சியின் மனைவி.

"என்னா சொன்னிச்சி, குணா?"

"புடிச்சாச்சின்னு."

மாரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"டேப் புடிக்கறப்ப எங்க வூட்டுக்காரரு அப்பிடித்தான் சொல்லுவாரு. இந்த மாடிலேர்ந்துதான் வுழுந்து செத்தாரு. நீ அப்ப பிரசவத்துக்குப் போயிருந்த. பர்மிசன் இல்லாத கட்டடம்னு, உங்க கொல்லத் தென்னமரத்துலேர்ந்து வுழுந்ததா எழுதி என்கிட்ட கைநாட்டு வாங்கனாரு உன் வூட்டுக்காரரு."

"ரூம் இருக்குன்னு நாளைக்கே எழுதித் தரேங்க்கா. கட்டனவரு பேரும் போடறேன். வித்தா விக்கட்டும், விக்காட்டிப் போவட்டும்."

சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

துவைக்கிற கல். அடிபம்பு.

அந்தக் கொல்லையில் தென்னை மரம் ஒருநாளும் இருந்ததில்லை.